மென்பொருள் துறைக்கு வெளியே பொறியியல் பட்டதாரிகளுக்கு என்னென்ன வேலைகள் உள்ளன?

இறுதியாண்டு_இயந்திரவியல்:

வணக்கம். நான் இயந்திரப் பொறியியலில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரிக்கு வந்து ஆளெடுக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை மென்பொருள் நிறுவனங்களாகவே இருக்கின்றன. விண்ணப்பிப்பவர் எந்தப் பிரிவில் படித்தவர் என்பதை அவை பார்ப்பதில்லை. ஒரு தகுதித் தேர்வு, ஒரு நேர்காணல், அத்துடன் முடிந்துவிடுகிறது. நிரல் எழுதுவதில் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் வெப்ப இயக்கவியலையும் பொருள்களின் வலிமையையும் விரும்பிப் படித்துவிட்டு, இனி அவற்றை ஒருபோதும் தொடப்போவதில்லை என்ற நிலையை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

சீனியர்களிடம் கேட்டால் இரண்டு விடைகள்தான் வருகின்றன: வாகனத் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவு, அல்லது கணினியில் பாகங்களை வரையும் வடிவமைப்புப் பிரிவு. இவ்விரண்டுக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்பதை, அந்த வேலைகளில் இருப்பவர்களிடமிருந்தே கேட்க விரும்புகிறேன். பதவியின் பெயரைவிட, அதில் இருப்பவர் ஒரு நாளில் உண்மையில் என்ன செய்கிறார் என்பதே எனக்குத் தெரிய வேண்டும். என் அறைத்தோழர்கள் இருவர் மின்னியலும் கட்டுமானப் பொறியியலும் படிக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படும்படி எழுதினால் மகிழ்வேன். ஊக்கமூட்டும் சொற்கள் வேண்டாம். அவை எங்களுக்குப் போதுமான அளவு கிடைக்கின்றன.

கொதிகலன்_ஆய்வாளர்:

துறைகளின் பட்டியலைத் தேடாதீர்கள். ஒரு பொருள் எந்த இடத்தில் ஒரு பொறியாளரின் கையொப்பம் இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு நகராதோ, அந்த இடத்தைத் தேடுங்கள். கல்லூரி வாசலுக்கு வந்து மொத்தமாக ஆளெடுக்காத வேலைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒருவர் இருவராகவே ஆள் எடுக்கப்படுவதால் மாணவர்களின் காதுக்கு அச்செய்தி எட்டுவதில்லை.

என் துறையையே எடுத்துக்கொள்வோம். 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதைப் போன்ற விபத்துகள் அக்காலத்தில் அடிக்கடி நிகழ்ந்தவைதான். ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு கொதிகலன்களுக்கான சட்டங்கள் வரத் தொடங்கி, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பு 1914ஆம் ஆண்டுப் பதிப்பாக உருவானது. அதன் வழிவந்த பதிப்புகளை உலகின் பல நாடுகள் இன்றும் பின்பற்றுகின்றன. அந்த விதித்தொகுப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒருவருக்கு வேலை இருக்கிறது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அது முழுக்க விளையாட்டும் அல்ல.

ஓர் அழுத்தக் கலன் உருவாகும் வழியைப் பாருங்கள். எஃகுத் தகடு ஆலையிலிருந்து வரும்போதே அதன் வேதியியல் கலவையும் இழுவிசை வலிமையும் எழுதிய சான்றிதழ் உடன் வரும். தகட்டில் பொறித்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒருவர் சரிபார்ப்பார். எந்த மின்வாயை எந்த மின்னோட்டத்தில் பயன்படுத்துவது, பற்றவைக்கும் முன் தகட்டை எவ்வளவு சூடாக்குவது என்ற செயல்முறையை வெல்டிங் பொறியாளர் எழுதி, மாதிரித் தகட்டில் சோதித்து நிறுவுவார். பற்றவைத்த இணைப்புகளை மீயொலியாலும் கதிர்வீச்சாலும் சிதைக்காமல் சோதிப்பது வேறொரு குழுவின் பொறுப்பு. கடைசியில், இயங்கவேண்டிய அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் கலன் தண்ணீரால் சோதிக்கப்படும். காற்றைத் தவிர்த்துத் தண்ணீரைத் தேர்வதற்குக் காரணம், நீர்மம் அதிகம் அமுங்காது என்பதே: கலன் பிளந்தாலும் அதில் சேமித்துவைத்த ஆற்றல் மிகக் குறைவு, துண்டுகள் பறக்காது. நீங்கள் விரும்பிப் படித்த இரண்டு பாடங்களும் இங்கே ஒரே முடிவில் வந்து சந்திக்கின்றன.

கலன் ஆலைக்குப் போன பிறகும் வேலை தொடர்கிறது. சுவரின் தடிமன் ஆண்டுதோறும் அரிப்பால் எவ்வளவு குறைகிறது, அந்த வேகத்தில் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பாக ஓட்டலாம் என்பதைக் கணக்கிட்டு, அடுத்த ஆய்வு எப்போது என்று முடிவு செய்வது ஆய்வுப் பொறியாளரின் வேலை. காப்பீட்டு நிறுவனங்களும் இதற்காகவே பொறியாளர்களை வைத்திருக்கின்றன. ஹார்ட்ஃபோர்டு ஸ்டீம் பாய்லர் நிறுவனம் 1866இல் தொடங்கியபோதே, ஆய்வு செய்த பின் காப்பீடு வழங்குவது என்ற முறையில்தான் தொடங்கியது. கப்பல்களுக்கு இதையே வகைப்பாட்டுச் சங்கங்கள் செய்கின்றன. 1760இல் தொடங்கிய லாய்ட்ஸ் ரெஜிஸ்டர், 1828இல் தொடங்கிய பியூரோ வெரிட்டாஸ் ஆகியவை அவற்றில் பழையவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் முழு ஆய்வில் கப்பலின் உடற்தகடுகள் முதல் முதன்மை எஞ்சின் வரை பார்த்து, கப்பலின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கலாமா என்று சொல்பவர் சர்வேயர் எனப்படும் பொறியாளர்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். பாதி நாள் தூசியிலும் வெப்பத்திலும் குறுகிய மனிதத் துளைகளுக்குள்ளும் கழியும். மீதிப் பாதி அறிக்கை எழுதுவதில் கழியும். தெளிவாக எழுதத் தெரியாதவர் இந்தத் துறையில் நெடுநாள் நிலைப்பதில்லை.

தூரரிலே:

மின்னியல் படிக்கும் நண்பருக்காக எழுதுகிறேன். மின்கட்டமைப்பில் அதிகம் பேசப்படாத, ஆனால் ஆள் எப்போதும் பற்றாக்குறையாக இருக்கும் பணி, பாதுகாப்புப் பொறியாளர் பணி. மின்தடத்தில் பழுது ஏற்பட்டால், அந்தப் பகுதியை மட்டும் ஒரு விநாடியின் சிறு பங்கு நேரத்தில் துண்டிக்கும் ரிலேக்களுக்கு எந்த அளவில் செயல்பட வேண்டும் என்ற அமைப்பு மதிப்புகளைக் கணக்கிடுவதும், களத்தில் அவற்றைச் சோதிப்பதும் அவருடைய வேலை.

அந்த மதிப்புகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14ஆம் நாள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய மின்தடை ஓர் எடுத்துக்காட்டு. தூர ரிலே என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, கிடைக்கும் மின்னெதிர்ப்பின் அளவைக் கொண்டு பழுது எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கண்டறிவது. அன்று மரங்களில் உரசிச் சில தடங்கள் துண்டிக்கப்பட்டதால் மீதித் தடங்களில் சுமை ஏறியது, மின்னழுத்தம் சரிந்தது. மேலே உள்ள எண் குறைந்து கீழே உள்ள எண் பெருகினால் வகுத்த விடை என்ன ஆகும்? சிறுத்துவிடும், பழுது அருகில் இருப்பதைப் போலத் தோன்றும். உண்மையில் பழுதே இல்லாத ஒரு முக்கியத் தடத்தை, அதிகத் தொலைவு வரை பார்க்கும்படி அமைத்திருந்த ரிலே பழுது என்று எடுத்துக்கொண்டு துண்டித்தது. அங்கிருந்து சரிவு மற்றப் பகுதிகளுக்குப் பரவியது. இந்தக் கணக்குகளைப் போடுபவர்களும், கணக்கு சரிதானா என்று துணைமின்நிலையத்தில் நின்று ரிலேக்குள் செயற்கையாக மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பவர்களும் பொறியியல் பட்டதாரிகளே. காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் சேரச் சேர, இன்வெர்ட்டர்கள் தரும் பழுது மின்னோட்டம் பழைய ஜெனரேட்டர்கள் தருவதைவிட மிகக் குறைவாக இருப்பதால், பழைய கணக்குகள் பலவற்றையும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

இயந்திரவியல், மின்னியல் இரண்டுக்கும் பொதுவான இன்னொரு வழி கமிஷனிங். நிறுவி முடித்த ஆலையை முதன்முறையாக உயிர்ப்பிப்பது அது. மோட்டார் சரியான திசையில் சுற்றுகிறதா என்பதில் தொடங்கி, அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் நிற்கின்றனவா என்பது வரை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியலில் குறிக்க வேண்டும். பயணம் அதிகம், குடும்பத்துடன் இருக்கும் நாட்கள் குறைவு. ஆனால் ஓர் ஆலை எப்படி இயங்குகிறது என்பதை இவ்வளவு விரைவாகக் கற்றுத்தரும் வேலை வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒரு சிறு மறுப்பும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளுக்கு உள்ளே, வெளியே என்று கோடு போட்டுப் பார்ப்பது களத்தில் பொருந்தாது. ஆலைகளை இயக்கும் பி.எல்.சி. எனப்படும், நிரலிட்டு மாற்றக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவிகள் 1960களின் இறுதியில், கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே கம்பிகளைப் பிரித்துக் கட்டும் தொல்லையைத் தவிர்க்க உருவானவை. அவற்றுக்கான நிரல்மொழிகளை ஐ.இ.சி. 61131 தரநிலையின் மூன்றாம் பகுதி வரையறுக்கிறது. அவற்றில் ஒன்று, பழைய மின்பணியாளர்களும் படிக்கும்படி ரிலே வரைபடத்தைப் போலவே தோன்றும் ஏணி வரைபடம். அதை எழுதுபவரும் நிரலாளர்தான். ஆனால் அவருடைய நிரலில் பிழை இருந்தால் ஒரு கன்வேயர் ஓடும், அல்லது ஒரு வால்வு திறக்கும். நிரல் தெரிந்த இயந்திரவியல் பட்டதாரிக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

துறை_மாறியவர்:

மேலே எழுதிய இருவரும் சொன்னவை உண்மை. சொல்லாமல் விட்டவற்றை நான் சொல்கிறேன், ஏனெனில் நான் அந்தப் பக்கத்திலிருந்து மென்பொருளுக்கு வந்தவன்.

தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. இரவு ஷிஃப்ட் உண்டு. வேலை இருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும். வீட்டிலிருந்தபடி கொதிகலனுக்குள் நுழைய முடியாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல், திட்டங்களின் ஏற்ற இறக்கம். 2014ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய் ஒன்றுக்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. புதிய திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. வடிவமைப்பு, கட்டுமானம், கமிஷனிங் ஆகிய மூன்று பிரிவுகளிலும் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களுள் நானும் ஒருவன். மென்பொருளிலும் ஆட்குறைப்பு நடக்கிறது என்பீர்கள். நடக்கிறது. ஆனால் ஒரு மென்பொருள் பணியாளர் வங்கித் துறையிலிருந்து மருத்துவத் துறைக்கு ஒரே மாதத்தில் மாறலாம். கடலடிக் குழாய் வடிவமைப்பில் தேர்ந்தவருக்கு அது எளிதன்று.

பாட ஆர்வம் மட்டும் போதும் என்று எண்ணி இறங்க வேண்டாம் என்பதே நான் சொல்ல வந்தது.

கொதிகலன்_ஆய்வாளர்:

துறை_மாறியவர் அவர்கள் சொன்ன எண்ணெய் விலைச் சரிவை நானும் பார்த்தேன். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு வேறு. புதிதாகக் கட்டப்படும் திட்டத்தைச் சார்ந்த வேலைக்கும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைச் சார்ந்த வேலைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். புதிய சுத்திகரிப்பு ஆலை கட்டுவதை ஒரு நிறுவனம் தள்ளிப்போடலாம். இருக்கும் ஆலையின் கலன்களுக்குச் சட்டப்படி செய்ய வேண்டிய ஆய்வை அவ்வளவு எளிதாகத் தள்ளிப்போட முடியாது. பராமரிப்பு, ஆய்வு, அதிர்வுப் பகுப்பாய்வு, அளவுக்கருவிகளின் காலிபிரேஷன், நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சம்பளம் முதல் வகையில் வேகமாக உயரும். இரண்டாம் வகையில் மெதுவாக, ஆனால் அதிகம் அறுபடாமல் உயரும். எது வேண்டும் என்பது அவரவர் குடும்பச் சூழலைப் பொறுத்தது.

இறுதியாண்டு_இயந்திரவியல்:

மூவருக்கும் நன்றி. ஓடும் ஆலையைச் சார்ந்த வேலை, திட்டத்தைச் சார்ந்த வேலை என்ற பிரிவை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு துணைக்கேள்வி: சிதைக்காச் சோதனையில் இரண்டாம் நிலைச் சான்றிதழை இரண்டே வாரத்தில் தருவதாகப் பல பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. பட்டம் முடிந்த உடனே அப்படி ஒன்றைப் பெற்றுக்கொள்வது பயன் தருமா?

மீயொலி_நிலை3:

பணம் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்தச் சான்றிதழை வழங்குவது யார், எந்த முறையின்கீழ்?

இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 9712 தரநிலையின்படி, பயிற்சி நிலையத்துக்குத் தொடர்பில்லாத சான்றளிப்பு அமைப்பு தேர்வு நடத்தும். பயிற்சி நேரம், தொழில் அனுபவக் காலம், தேர்வு, பார்வைத் திறன் ஆகிய நான்கும் நிறைவேற வேண்டும். மற்றொன்று, அமெரிக்கச் சிதைக்காச் சோதனைச் சங்கத்தின் பரிந்துரையைப் பின்பற்றும் முறை. அதில் பணியாளருக்குச் சான்றளிக்கும் பொறுப்பு அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தையே சேரும். ஆகவே வேலையில் சேரும் முன்பே பயிற்சி நிலையம் தரும் தாள், நீங்கள் வகுப்பில் அமர்ந்தீர்கள் என்பதற்கும் தேர்வு எழுதினீர்கள் என்பதற்கும் ஆதாரமே தவிர, களத்தில் ஒரு பற்றவைப்பை ஏற்கவோ நிராகரிக்கவோ உங்களுக்கு அதிகாரம் தராது. நிறுவனம் மாறினால் புதிய நிறுவனம் மறுபடியும் சான்றளிக்க வேண்டும்.

முதல் நிலையில் இருப்பவர் மேற்பார்வையில் சோதிப்பார்; இரண்டாம் நிலையில் இருப்பவர் முடிவுகளைப் படித்து, விதியோடு ஒப்பிட்டு அறிக்கை தருவார்; மூன்றாம் நிலையில் இருப்பவர் செயல்முறையையே வகுப்பார். பொறியியல் பட்டம் உள்ளவர் கண் வைக்க வேண்டியது மூன்றாம் நிலை. ஆனால் முதல் இரண்டிலும் கை அழுக்காகாமல் அங்கே போய்ச் சேர்ந்தவர்களைக் களத்தில் யாரும் மதிப்பதில்லை. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் நடத்தும் அழுத்தக் கலன் ஆய்வாளர் தேர்வான ஏ.பி.ஐ. 510 போன்றவற்றுக்கும், கல்வித் தகுதிக்கேற்ப இவ்வளவு அனுபவம் வேண்டும் என்ற விதி இருக்கிறது. எனவே முதலில் வேலை, பிறகு சான்றிதழ். அதையும் நிறுவனத்தின் செலவில் பெற முடியுமானால் நல்லது.

ஆலைப்பாதுகாப்பு:

வேதிப் பொறியியல் படித்தவர்களை யாரும் குறிப்பிடவில்லை என்பதால் எழுதுகிறேன். இயந்திரவியல் படித்தவர்களுக்கும் இது பொருந்தும்.

1974 ஜூன் 1ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் வெடிப்பு நிகழ்ந்து 28 பேர் இறந்தார்கள். வரிசையாக இருந்த ஆறு வினைக்கலன்களில் ஐந்தாவதில் விரிசல் கண்டு அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்திருந்தார்கள். அந்தக் குழாய்க்கு முறையான கணக்கீடு இல்லை. அதன் வரைபடம் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வரைந்ததுதான். ஆலைப் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. பொறியாளரால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, அந்தக் காலி நாற்காலியைச் சுட்டிக்காட்டுவது என் வழக்கம்.

இன்று ஆலையில் ஒரு சிறு மாற்றம் செய்வதானாலும், மாற்ற மேலாண்மை என்ற நடைமுறைப்படி அதைப் பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். ஹாசாப் என்ற ஆய்வு முறையில் குழுவாக அமர்ந்து, ஒவ்வொரு குழாய்க்கும் ஓட்டம் நின்றால் என்ன, கூடினால் என்ன, எதிர்த்திசையில் பாய்ந்தால் என்ன என்று கேட்டு, காரணமும் விளைவும் எழுதப்படும். நாட்கணக்கில் நீளும் அந்தக் கூட்டங்கள் அலுப்பூட்டுபவை என்பதை மறைக்க மாட்டேன். புதியவர்கள் பெரும்பாலும் அங்கே குறிப்பெடுப்பவராகத் தொடங்குகிறார்கள். ஆலையை இயக்கும் மூத்த பணியாளர்கள் பேசுவதை எழுதி எழுதியே ஆலையைக் கற்றுக்கொள்கிறார்கள்.

காலஅட்டவணை:

கட்டுமானப் பொறியியல் படிக்கும் நண்பருக்குச் சுருக்கமாக: தளப் பொறியாளர், கட்டமைப்பு வடிவமைப்பாளர் ஆகிய இரண்டைத் தவிர, திட்டமிடல் பொறியாளர் என்ற பதவியைத் தேடச் சொல்லுங்கள். 1950களின் பிற்பகுதியில் டூபான்ட் நிறுவனத்தில் உருவான நெருக்கடிப் பாதை முறையே இன்றும் அதன் அடிப்படை. ஆயிரக்கணக்கான பணிகளில் எது தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கண்டுபிடிப்பதே வேலை.

அதிலிருந்து கிளைக்கும் ஒப்பந்தக் கோரிக்கைப் பணியைப் பற்றி மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். பெரிய கட்டுமானங்களில் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு ஏறத்தாழ எப்போதும் எழும். வரைபடம் பிந்தி வந்ததா, ஒப்பந்ததாரர் ஆட்களைக் குறைத்தாரா, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதை நாள்வாரிப் பதிவுகளிலிருந்து நிறுவிக் காட்ட, பொறியியலும் ஒப்பந்த விதிகளும் சேர்ந்து தெரிந்த ஒருவர் தேவை. பன்னாட்டுத் திட்டங்களில் 1957 முதல் வழங்கிவரும் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) ஒப்பந்த மாதிரிகளைப் படிக்கத் தொடங்கினாலே போதும். தளத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தால் இந்தப் பக்கம் கதவு திறக்கும்.

தூரரிலே:

வேலை தேடும் முறை பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வேலைவாய்ப்புத் தளத்தில் இயந்திரப் பொறியாளர் என்று தட்டினால் உற்பத்தியும் விற்பனையுமே வரும். நம்பகத்தன்மைப் பொறியாளர், அதிர்வுப் பகுப்பாய்வாளர், கமிஷனிங் பொறியாளர், வெல்டிங் பொறியாளர், காலிபிரேஷன் பொறியாளர் என்று செய்யும் பணியின் பெயரால் தேடுங்கள். விளம்பரத்தில் குறிப்பிடப்படும் தரநிலை எண்களைக் குறித்துவையுங்கள். ஒரே எண் பல விளம்பரங்களில் வந்தால், அதில் உங்கள் பாடத்தோடு ஒட்டிய பகுதியைக் கல்லூரி நூலகத்தில் வாங்கிப் படியுங்கள். இறுதியாண்டுத் திட்டத்தையும் அதை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம். ஒரு மோட்டாரின் பேரிங்கில் வேண்டுமென்றே சிறு கீறல் போட்டு, அதிர்வு நிறமாலையில் அது சுழற்சி வேகத்தின் முழு மடங்கில் அல்லாமல் தனக்கே உரிய அதிர்வெண்ணில் தோன்றுவதை அளந்து காட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

நேர்காணலில் நீங்களும் மூன்றைக் கேளுங்கள்: முதல் ஆண்டில் எத்தனை மாதம் தளத்தில் இருப்பேன், யாரிடம் பயிற்சி பெறுவேன், சான்றிதழ்த் தேர்வுகளின் செலவை நிறுவனம் ஏற்குமா. இம்மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில், சம்பளம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் சேர மாட்டேன்.